தவணையா, இல்லாமலா

செவ்வாய்க்கிழமை மாலை, வால்பரைசோவில்,
துறைமுகத்துக்கு மேலே மூன்றாம் மாடி.
கரும்பலகையில் நடுக்கோடு ஒன்று இழுத்து
இந்தப் பக்கம் தேவை, அந்தப் பக்கம் ஆசை
என்று எழுதுகிறேன்.
பாடத்திட்டம் அப்படித்தான் சொல்கிறது.
ஜன்னல் விளிம்பில் ஒரு கடற்புறா
இரண்டிலும் சேராமல் கத்துகிறது.

இருபத்தாறு பேர்.
முக்கால்வாசிப் பேர் வேலை முடிந்து நேரே வருகிறவர்கள்.
வட்டி குட்டி போடும் என்றேன்,
அந்தக் குட்டியும் சினைப்படும் என்றேன்.
பின்வரிசை சிரித்தது.
யெர்கோ மட்டும் காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டான்.
புது ஷூ. பன்னிரண்டு தவணை.

டனிட்சா கை தூக்கினாள்.
"அம்மாவைக் கல்லறைச் சுவரில் வைத்திருக்கிறோம்.
அந்த மாடத்துக்கு நாற்பத்தெட்டு தவணை.
பத்தொன்பது கட்டியாயிற்று.
எந்தப் பக்கம் எழுதட்டும்?"

புத்தகத்தின் பின்னிணைப்பில்கூட
அம்மா இல்லை.
கோட்டின் மேலேயே எழுது என்று
சாக்பீஸை அவளிடம் கொடுத்தேன்.
அவள் எழுதியதில் கோடு கொஞ்சம் அழிந்தது.

வீட்டுப்பாடம்:
ஒரு வாரம், கையைவிட்டுப் போகிற
ஒவ்வொரு பெசோவையும் குறித்து வாருங்கள்.
சாப்பாட்டை மட்டும் தவணையில் வாங்காதீர்கள்.
செவ்வாயன்று தின்ற ரொட்டி
செப்டம்பரில் வந்து பசிக்கும்.
வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது.
இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள்.

நான் சொல்லாமல் விட்டது:
எனக்கு மணிக்கணக்கில்தான் கூலி.
மார்ச்சில் நடத்திய வகுப்புக்கான பில்
ஜூன் பிறந்தும் பரிசீலனையில் இருக்கிறது.
பரிசீலிக்கிறவருக்கு மாதச் சம்பளம்.

வெள்ளி இரவு, சூப்பர் மார்க்கெட்.
அரிசி, பால்பவுடர், ஒரு டஜன் முட்டை,
மகளின் இருமலுக்குத் தேன்,
பாதி விலை ஒட்டிய சீஸ் ஒன்று.
வரிசை நகர்ந்து முடிந்தபின்தான் பார்த்தேன்,
கல்லாவில் யெர்கோ.

எல்லோரிடமும் கேட்டாக வேண்டும் அவன்.
கேட்காமல் விட்டால்
மேலே தொங்கும் கேமரா கேட்கும்.
முட்டைகளைப் பார்த்தபடி கேட்டான்:
"தவணையா, இல்லாமலா?"

எனக்குப் பின்னால் நிற்பவர்
சில்லறையை உள்ளங்கையில் இரண்டாம் முறை எண்ணினார்.
"மூன்று" என்றேன்,
வகுப்பில் எனக்கு வராத குரலில்.
அவன் மறுபடி கேட்கவில்லை.
மூன்றை அழுத்தினான்.
முட்டை நசுங்காமல் மேலாக வைத்துக் கொடுத்தான்.
நன்றி சொன்னேனா, ஞாபகமில்லை.

அடுத்த செவ்வாய், மேஜையில் நோட்டுகள்.
காப்பி, பஸ், காப்பி, போன் ரீசார்ஜ்,
தம்பியின் பிறந்தநாளுக்கு ஒரு பந்து.
பஸ் காசை மிச்சம் பிடித்து மலையேறி நடந்த ஒருத்தி
'முழங்கால்' என்று தனி வரி எழுதி
தொகையைக் காலியாக விட்டிருந்தாள்.

யெர்கோ தன் செலவை எழுதவில்லை.
கல்லாவை எழுதியிருந்தான்.
வெள்ளி, ஆறிலிருந்து பத்து வரை.
கேட்டது நூற்றுப் பன்னிரண்டு பேரிடம்.
தவணை என்றவர்கள் முப்பத்தொன்பது.
அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு
முப்பத்தெட்டு.
கீழே அவர்கள் வாங்கியவை:
ரொட்டி, டயாபர், நாய்க்குத் தீனி,
கால் கிலோ இறைச்சி, ரொட்டி, ரொட்டி,
மெழுகுவர்த்தியோடு ஒரு கேக்.
முட்டை எங்கும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன்.
அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
கடலை முதல்முறை பார்க்கிறவன் மாதிரி.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
கூட்டல் தப்பு என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.
முப்பத்தெட்டை அடித்து முப்பத்தொன்பது போட்டேன்.
ஓரத்தில், எழுத எழுத வாசித்தேன்:
அரிசி. பால்பவுடர். தேன். முட்டை, ஒரு டஜன்.
கொஞ்சம் நிறுத்தி,
சீஸ்.

யாரும் சிரிக்கவில்லை.
டனிட்சா எழுந்து பலகைக்குப் போய்
சாக்பீஸோடு நின்றாள்.
"சீஸ் எந்தப் பக்கம்?"